பதக்கத்துக்கு முந்தைய பதினான்கு ஆண்டுகள்

பூலாம்பாடியில் எங்கள் வயல் கிணறு ஐம்பது அடி ஆழம். சின்ன வெங்காயத்துக்கும் பருத்திக்கும் அதிலிருந்துதான் தண்ணீர். கோடை விடுமுறையில் என் அண்ணன் முதுகில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, சித்தப்பா அவனைக் கிணற்றுக்குள் தள்ளிவிடுவார். முதல் வாரத்தில் கேன் போனது. அடுத்த வாரம் கயிறும் போனது. நான் படியில் உட்கார்ந்து அவன் சட்டைக்குக் காவல் இருந்தேன். நானும் இறங்குகிறேன் என்று ஒருநாள் கேட்டபோது, "பொட்டப்புள்ளைக்கு என்னாத்துக்குடி நீச்சலு?" என்றாள் அப்பாயி.

பல ஆண்டுகள் கழித்து வாட்டர் போலோ வீராங்கனைகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது அந்தப் படிதான் நினைவுக்கு வந்தது. நான் வாசித்தவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. எத்தனை ஒலிம்பிக், எத்தனை தங்கம், எத்தனை கோல் என்று தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. ஒரு பெண்ணின் விளையாட்டு வாழ்க்கையை இப்படி எண்ணிக்கையாக எழுதுவதில் ஒரு பெரிய அநியாயம் ஒளிந்திருக்கிறது. இரண்டு வீராங்கனைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் அது புரியும்.

நம் பக்கம் இந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் குறைவு என்பதால் முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கோல்கீப்பரோடு சேர்த்து அணிக்கு ஏழு பேர். எட்டு நிமிடமாக நான்கு பகுதிகள். தரையில் கால் ஊன்றக் கூடாது. கோல்கீப்பரைத் தவிர மற்றவர்கள் பந்தை ஒரு கையால்தான் தொட வேண்டும். அப்படியானால் ஆட்டம் முழுக்க நிலைநீச்சல்தான். இரண்டு மத்துகள் எதிரெதிராகச் சுழல்வதுபோலக் கால்கள் ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். பார்வையாளருக்குத் தெரிவது தலையும் தோளும் கையும் மட்டும். பிடித்து இழுப்பதும் உதைப்பதும் நீருக்கு அடியில் நடக்கின்றன. அதனால்தான் ஆட்டத்துக்கு முன்பே நகங்களைச் சோதிக்கிறார்கள்.

இந்த ஆட்டத்தின் பெரிய பெயர் அமெரிக்காவின் மேகி ஸ்டெஃபென்ஸ். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 19 வயதில் இறங்கினார். ஹங்கேரிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஏழு முறை எறிந்து ஏழையும் கோலாக்கினார். அந்த ஒலிம்பிக்கில் மொத்தம் 21 கோல். லண்டன், ரியோ, டோக்கியோ என்று தொடர்ந்து மூன்று தங்கம். பெண்கள் ஒலிம்பிக் வாட்டர் போலோவில் அதிகக் கோல் அடித்தவரும் அவரே. அவருடைய அப்பா போர்ட்டோ ரிக்கோ அணிக்காக வாட்டர் போலோ ஆடியவர். லண்டனில் தங்கம் வென்ற அணியில் அக்கா ஜெசிக்காவும் இருந்தார்.

இன்னொருவர் ஆஸ்திரேலியாவின் டெபி வாட்சன். அவரிடம் இருப்பது ஒரே ஒரு ஒலிம்பிக் தங்கம். பட்டியல் போட்டால் மேகிக்கு வெகு கீழே வருவார். ஆனால் 1986இல் பெண்களுக்கான முதல் உலக சாம்பியன்ஷிப் மாட்ரிட்டில் நடந்தபோது வென்ற ஆஸ்திரேலிய அணியில் அவர் இருந்தார். அப்போது அவருக்கு இருபது வயது. உலகத்தை வென்ற அந்தப் பெண்ணுக்குப் போக ஒலிம்பிக் இல்லை. ஆண்களின் வாட்டர் போலோ 1900 பாரிசிலிருந்தே ஒலிம்பிக்கில் உண்டு. பெண்களுக்கு 2000 வரை இல்லை. நடுவில் சியோல், பார்சிலோனா, அட்லாண்டா மூன்றும் கடந்து போயின. மேகியின் கணக்கில் மூன்று ஒலிம்பிக் என்றால் மூன்று தங்கம். டெபியின் கணக்கில் மூன்று ஒலிம்பிக் என்றால் மூன்று பூட்டிய கதவு.

அந்தக் கதவு தானாகத் திறக்கவில்லை. ஆஸ்திரேலிய வீராங்கனைகள் ஒலிம்பிக் அதிகாரிகள் வந்திறங்கிய விமான நிலையத்துக்கே நீச்சல் உடையில் போய் நின்றார்கள். கோட்டு போட்ட ஆண்கள் முன்னால் தங்கள் ஆட்டத்தின் உடையிலேயே நின்று கேட்டார்கள். பெண்ணின் உடலை வேடிக்கை பார்க்கப் பழகிய கண்களுக்கு முன்னால் அப்படி நிற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நம் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2000 செப்டம்பர் 23. சிட்னி இறுதிப் போட்டியில் அமெரிக்காவை 4-3 என்று ஆஸ்திரேலியா வென்றது. ஆட்டம் முடிய 1.3 விநாடி இருக்கும்போது இவெட் ஹிகின்ஸ் அடித்தது வெற்றி கோல். அன்று டெபி வாட்சன் 35 வயதை எட்டிக்கொண்டிருந்தார். நான் வாசித்த கட்டுரைகளில் அந்த 1.3 விநாடிக்குப் பத்தி பத்தியாக இடம் கிடைத்திருக்கிறது. அதற்கு முந்தைய பதினான்கு ஆண்டுகளுக்குக் கிடைத்தது அரை வரி. நான் குறை சொல்வது இதைத்தான். கடைசி விநாடி பரபரப்பானது, எழுத எளிது. பதினான்கு ஆண்டுகளை எழுதப் புகுந்தால் கதவைப் பூட்டியவர் யார் என்றும் எழுத வேண்டிவரும்.

மேகியின் திறமையைக் குறைக்க நான் இதைச் சொல்லவில்லை. ஏழுக்கு ஏழு என்பது யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. ஆனால் பெண்கள் போட்டியாளரே இல்லாத ஒலிம்பிக்கில் அந்தத் திறமை எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்காது. கதவு திறந்த பிறகும் கணக்கு சமமாகவில்லை. சிட்னியில் ஆண்களுக்கு 12 அணி, பெண்களுக்கு 6. 2024 பாரிசில்கூட ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10. அந்த ஆண்டுதான் மேகி, ஒலிம்பிக் வீரர்களில் பலர் பிழைப்புக்கு இரண்டாவது, மூன்றாவது வேலை பார்க்க வேண்டியிருப்பதைச் சமூக வலைதளத்தில் எழுதினார். அதைப் பார்த்து ராப் பாடகர் பிளேவர் பிளாவ் அணிக்குப் புரவலராக முன்வந்தார். செய்தித்தாள்களுக்கு இது சுவையான செய்தி. மூன்று முறை தொடர்ந்து தங்கம் வென்ற அணி ஏன் ஒரு பாடகரின் நல்ல மனதை நம்பியிருக்க வேண்டும்? அந்தக் கேள்வி சுவையாக இல்லை போலும்.

அதே அமெரிக்க அணியின் கோல்கீப்பர் ஆஷ்லி ஜான்சன். அமெரிக்கப் பெண்கள் வாட்டர் போலோ அணியில் ஒலிம்பிக் சென்ற முதல் கறுப்பினப் பெண். அது நடந்தது 2016இல். பொது நீச்சல் குளங்களில் கறுப்பின மக்களை இறங்கவிடாமல் பல பத்தாண்டுகள் தடுத்து வைத்திருந்த நாடு அது. இதை வாசித்தபோது என்னால் அமெரிக்காவை மட்டும் பழித்துவிட்டுப் போக முடியவில்லை. எங்கள் வெங்காயக் காட்டில் களை எடுக்க வந்த பெண்கள் அதே கிணற்றுத் தண்ணீரை எட்ட நின்று, அம்மா ஊற்ற, கையேந்திக் குடித்தார்கள். அவர்களோடு வந்த சிறுமிகளுக்கு என் வயதுதான். நான் இறங்க முடியாத கிணறு என்று இத்தனை நேரம் எழுதினேன். எனக்கு உட்காரப் படியாவது இருந்தது. அவர்களுக்கு அதுவும் இல்லை. பெண்ணுக்கு நீர் மறுக்கப்பட்ட கதையைச் சாதியை விட்டுவிட்டு எழுதினால், நானும் அரை வரி எழுதுபவளாகிவிடுவேன்.

இந்தியாவிலும் பெண்கள் வாட்டர் போலோ ஆடுகிறார்கள். தேசியப் போட்டிகளில் கேரளம், மேற்கு வங்கம், மகாராஷ்டிரம் என்று அணிகள் இறங்குகின்றன. ஆறும் குளமும் ஊரோடு கலந்த இடங்களிலிருந்தும், குளம் கட்டிய நகரங்களிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். எங்கள் ஊர்க் கிணறுகள் பலவற்றின் அடி இப்போது காய்ந்து தெரிகிறது. ஆழ்துளைக் கிணற்றில் யாரும் நீந்த முடியாது. நீச்சல் குளத்துக்குப் பேருந்து ஏற வேண்டும். பேருந்துக் காசு, நீச்சல் உடை, "யார் கூடப் போற?" என்ற கேள்வி, மாதவிடாய் நாட்கள், பெண்களுக்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரம். இத்தனையையும் தாண்டி ஒரு பெண் தண்ணீரில் இறங்கும் நாளில்தான் அவள் விளையாட்டு வாழ்க்கை தொடங்குகிறது. முதல் பதக்கத்திலிருந்து எழுதத் தொடங்குபவர்கள் இந்த அத்தியாயத்தைக் கிழித்துவிடுகிறார்கள்.

நான் 36 வயதில் நகரத்துக் குளம் ஒன்றில் நீந்தக் கற்றேன். நிலைநீச்சல் வர இரண்டு மாதம் ஆனது. ஊருக்குப் போனபோது அத்தையிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ஒங்க அப்பாயிக்கு நல்லா நீச்சலு வரும், தெரியுமா? அது பொறந்த ஊருல கெணத்து மேட்டுலேருந்து குதிக்குமாம். கல்யாணத்தோட விட்டுப்போச்சு" என்றார்.

அப்பாயி இறந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. யார் கற்றுக்கொடுத்தது, எந்த வயதில் நிறுத்தினார்கள், நிறுத்தச் சொன்னது யார் என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. படியில் உட்கார்ந்து அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை.