ஆகஸ்ட் 1 கணக்கும் சுரங்கப் பணமும்

மே மாதம் பொதுத்தேர்வு முடிவு வந்ததும் கடலூர் மாவட்டத்துக்கு எத்தனையாவது இடம் என்று பார்ப்பது நம் வழக்கம். நெய்வேலியைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளை எடைபோட அந்தப் பட்டியல் உதவாது. 2025-இல் பிளஸ் டூ தேர்ச்சி மாநில அளவில் 95.03 சதவீதம், பத்தாம் வகுப்பில் 93.80. ஏறக்குறைய எல்லாரும் தேறிவிடும் தேர்வில் எந்தப் பள்ளி சொல்லிக்கொடுத்தது, எந்தப் பள்ளி ஒப்பேற்றியது என்று எப்படித் தெரியும்? தொடக்கப்பள்ளிக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். 2022-ஆம் ஆண்டு அசர் (ASER) கற்றல் ஆய்வில், ஊரகத் தமிழ்நாட்டின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நாலில் ஒரு பங்கினர்தான். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததும் ஒரு காரணம், சரி. ஆனால் 2018-இலேயே அது பாதியைத் தொடவில்லை.

இதற்கு நெய்வேலிப் பக்கம் இரண்டு விளக்கங்கள் சொல்வார்கள். ஒன்று, பள்ளிக்குக் காசில்லை. மற்றது, வாத்தியார் சரியில்லை. டவுன்ஷிப்புக்குள் பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்எல்சி நடத்தும் பள்ளிகளைக் காட்டி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்களும் உண்டு. அந்த ஒப்பீடு நிற்காது. 1956-இல் தொடங்கிய நிறுவனம் வட்டம் வட்டமாக ஊரமைத்து, நிரந்தரச் சம்பளமும் குவார்ட்டர்ஸும் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியது. கங்கைகொண்டானிலோ ஊ. மங்கலத்திலோ கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளையோடு அவர்களின் மதிப்பெண்ணை ஒப்பிட்டால், வீட்டையும் வீட்டையும்தான் ஒப்பிடுகிறோம். பள்ளிக்கூடத்தைவிடக் குடும்பப் பின்னணியே மதிப்பெண்ணை அதிகம் தீர்மானிக்கிறது என்று 1966-இலேயே அமெரிக்காவில் கோல்மன் அறிக்கை சொல்லிவிட்டது. நமக்கு அது இன்னும் உறைக்கவில்லை.

காசு விஷயத்துக்கு வருவோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். சுண்ணாம்பு, குழாய் ரிப்பேர், பதிவேடு எல்லாம் அதற்குள்தான். அந்தத் திட்டத்துக்கே 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. ஆகவே காசில்லை என்பது பொய்யல்ல.

ஆனால் எல்லா ஊருக்கும் கிடைக்காத இரண்டு பணப்பைகள் இந்த வட்டாரத்துக்கு உண்டு. 2013 கம்பெனிச் சட்டப்படி என்எல்சி தன் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் (சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும். 1,500 கோடி லாபம் என்று வைத்துக்கொண்டாலே அது 30 கோடி. இன்னொன்று, 2015-இல் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை. பழைய குத்தகைச் சுரங்கங்கள் ராயல்டிக்கு மேல் அதில் 30 சதவீதத்தை இதற்குக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தின் பெரும்பகுதி போகவேண்டிய முன்னுரிமைப் பட்டியலில் கல்வியும் இருக்கிறது.

அப்படியிருந்தும் ஏன் இந்த நிலை? பலர் கவனிக்காத ஒரு காரணம் ஆகஸ்ட் 1 கணக்கு. அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயமாகிறது. கூடுதல் என்று கணக்கில் வந்தவர் பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். சாதாரண ஊரில் இது நியாயமான விதிதான். சுரங்கத்துக்கு நிலமெடுப்பு நடக்கும் ஊரில் இதன் விளைவே வேறு. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வீட்டைக் காலி செய்கின்றன, எண்ணிக்கை குறைகிறது, ஒரு ஆசிரியர் போகிறார், மிஞ்சிய இருவர் ஐந்து வகுப்பையும் பார்க்கிறார்கள். அதைப் பார்த்த பெற்றோர் கடன் வாங்கியாவது பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் குறைகிறது. நிலத்தைக் கொடுத்த ஊர் ஆசிரியரையும் பறிகொடுக்கிறது.

ஈராசிரியர் பள்ளியில் ஒரு காலைப் பொழுதைப் பாருங்கள். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லித்தர வேண்டும். நல்ல யோசனை. ஆனால் அதே ஆசிரியர்தான் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகைப் பதிவு போடுகிறார். மற்றவர் கூட்டத்துக்குப் போன நாளில் நாலாம், ஐந்தாம் வகுப்பையும் இந்தப் பக்கம் உட்காரவைக்கிறார். இவரைப் பார்த்தா வாத்தியார் சரியில்லை என்பது?

இப்போது சுரங்கப் பணத்தைக் கவனிப்போம். பெரும்பாலும் சிஎஸ்ஆர் பணம் வகுப்பறை, பெஞ்சு, கழிப்பறை, திறன்பலகை என்று கண்ணுக்குத் தெரிவதையே தேடிப் போகும். திறப்பு விழா நடத்தலாம், கல்வெட்டு வைக்கலாம். அவை வீண் என்று சொல்லமாட்டேன். பள்ளிக் கழிப்பறைகள் பற்றி இந்தியாவில் நடந்த அஞ்சலி அதுகியாவின் ஆய்வில், அவை கட்டிய பிறகு சேர்க்கை கூடியிருக்கிறது. மதிப்பெண் மட்டும் கூடவில்லை. ஆந்திரத்தில் நடந்த இன்னொரு ஆய்வு இதைவிடக் கூர்மையானது. எதிர்பாராமல் வந்த பள்ளி மானியம் முதல் ஆண்டு கற்றலை உயர்த்தியது. அடுத்த ஆண்டு மானியம் வரும் என்று தெரிந்ததும் பெற்றோர் தங்கள் கைச்செலவைக் குறைத்துக்கொண்டார்கள். பலன் காணாமல் போயிற்று.

பலன் தந்தது எது? தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக நியமித்துப் பார்த்த சோதனையில் குழந்தைகளின் மொழித்திறனும் கணக்கும் முன்னேறின. 2021-இல் மாதம் 1,000 ரூபாய்க்குத் தன்னார்வலர்களை வைத்துத் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, கொரோனாவில் இழந்த கற்றல் மீண்டதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்குக் காரணம் என்று சிங், ரொமேரோ, முரளிதரன் மூவரின் ஆய்வு கணக்கிட்டது. இரண்டிலும் பணம் போனது சுவருக்கு அல்ல, பிள்ளையோடு உட்காரும் ஆளுக்கு.

சுரங்கப் பணத்தில் இந்தப் பள்ளிகளுக்கும் அப்படிக் கூடுதல் ஆள் போடலாம். அதற்கு வரும் எதிர்வாதங்களில் ஒன்று வலுவானது. கம்பெனி ஆள் போட்டால் அரசு கையைக் கழுவிவிடும். ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்தவர் ஒப்பந்த ஊழியராகவே கிடப்பார். ஒப்பந்த வேலையின் கஷ்டம் நெய்வேலிக்குத் தெரியாததல்ல. ஆகவே கூடுதல் ஆளைக் காரணம் காட்டி ஒரு நிரந்தரப் பணியிடத்தையும் குறைக்கக்கூடாது என்று அரசாணையே வேண்டும். ஒரே ஆண்டுப் பணத்தை நம்பி ஆளெடுக்க முடியாது என்பது அடுத்த வாதம். அது அவ்வளவு கனமானதல்ல. தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டு வரை ஒரு திட்டத்தை நீட்டிக்க சிஎஸ்ஆர் விதியே இடம் தருகிறது. மாதம் 15,000 என்று கொடுத்தால் ஒரு கோடியில் 55 பேரை ஓராண்டு வைத்துக்கொள்ளலாம்.

என் தீர்ப்பு இதுதான். இங்கே பணம் குறைவு என்பதைவிட, அது இறங்கும் இடம் தவறு என்பதே பெரிய குறை. முதல் குற்றவாளி ஆகஸ்ட் 1 கணக்கு. அதற்கு மாநில அரசு பொறுப்பு. இரண்டாவது கட்டடச் செலவு. அதற்கு நிறுவனமும், கனிம அறக்கட்டளைக்குத் தலைமை வகிக்கும் ஆட்சியரும் பொறுப்பு. குறிஞ்சிப்பாடி, கம்மாபுரம் ஒன்றியங்களில் நிலமெடுப்பு அறிவிக்கப்பட்ட ஊர்களின் பள்ளிகளுக்கு, அறிவிப்பு வந்த ஆண்டின் மாணவர் எண்ணிக்கையையே ஐந்தாண்டுக்குப் பணியிடக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கோடிகள் தேவையில்லை, பள்ளிக்கல்வித் துறையின் ஒரு கையெழுத்து போதும்.