பெயர் கடைசியில் வரட்டும்

மூன்று மாறிகளுக்கு மூன்று இஃப் அடுக்குகிறவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. ஆனால் "??????02????:08100:*" என்ற ஒற்றை வரியைப் பார்த்த பிறகும் அடுக்க மனம் வருமா? மலேசிய ஐசி (அடையாள அட்டை) எண், அஞ்சல் குறியீடு, பெயர் மூன்றையும் முக்காற்புள்ளியால் ஒட்டி ஷெல்லின் கேஸ் முன்னே வைத்தால், கெடாவில் பிறந்த பீடோங்காரர் தனியே வந்து நிற்பார். (பிறந்த மாநிலத்தைச் சொல்லும் 02 போலவே 25, 26, 27-உம் கெடாதான், செங்குத்துக் கோடு போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். பினாங்கில் பிறந்தவருக்கு 07 விழுந்திருக்கும், அவர் தப்பிவிடுவார்.)

எனக்குப் பிடித்தது அந்த வரிசை. ஐசி 12 இலக்கம், குறியீடு 5. அளவு மாறாதவை முன்னால் உட்கார்ந்துவிட்டன. பெயர் எவ்வளவு நீளுமோ, உள்ளே என்ன இருக்குமோ; அதைக் கடைசியில் நட்சத்திரக் குறியிடம் ஒப்படைத்தாயிற்று. முதலில் வைத்திருந்தால் நட்சத்திரம் முக்காற்புள்ளியையும் சேர்த்து விழுங்கும். சிலர் சாய்கோட்டால் ஒட்டுகிறார்கள். நம் ஆட்களின் பெயரில் வரும் 'ஏ/எல்', 'ஏ/பி' நடுவே இருப்பது என்னவாம்?

ரெகெக்ஸ் பக்தர்கள் முணுமுணுப்பார்கள்: கேள்விக்குறி இலக்கமா எழுத்தா என்று பார்க்காதே! சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாஷில் && போட்டு மூன்று பொருத்தங்களைக் கோத்துப் பாருங்கள்; பிடிபட்டவற்றில் கடைசிப் பொருத்தத்தினுடையது மட்டுமே கையில் மிஞ்சும். 2006-இல் பாஷ் 3.2 வந்தபோது மேற்கோளுக்குள் இருந்த ரெகெக்ஸ் வெறும் எழுத்தாகிப்போய், ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டுகள் படுத்த கதையும் உண்டு. ஷெல் எழுதிய போர்ன் 1979-இல் தந்த கேஸ் இன்றும் அப்படியே ஓடுகிறது. எசாக் என்று தலைகீழாக மூடும் அந்தக் குறும்பும் போகவில்லை.

ஒருமுறை தோட்டப்பள்ளிப் பழைய மாணவர் பட்டியல் ஒன்று வந்தது. ஒருவரும் சிக்கவில்லை. எக்செல் முன் பூஜ்யத்தைத் தின்று எல்லாரையும் 8100 ஆக்கியிருந்தது. பூஜ்யம் இருந்தாலும் ஆபத்துதான்: பாஷின் கணக்கு அடைப்புக்குள் 08100 போனால், எட்டடிமான எண் என்று எடுத்துக்கொண்டு, அதில் 8 ஏது என்று பிழை காட்டும். குறியீட்டை எழுத்தாகவே வைத்திருக்க வேண்டும்.

பெயரை அப்படியே நட்சத்திரத்திடம் விட்ட அந்த நிதானம் இப்போதைய இணையப் படிவங்களில் இல்லை. பெயரில் சிறப்புக் குறி கூடாதாம், சிவப்பில் எழுதிக் காட்டுகிறது. ஐசியில் அச்சாகியிருக்கும் சாய்கோட்டை நம் பிள்ளைகள் தாமாகவே அழித்துவிட்டுத் தட்டப் பழகிவிட்டார்கள். பெயர்ப் பெட்டிக்கு விதி எழுதும் தம்பிகளே, அந்த ஒரு கோட்டை உள்ளே விடுங்கள்.