மாலை 5 மணிக் கெடு

டெக்சாஸில் வீட்டு விற்பனை ஒப்பந்தம் முடிவானதும் அதில் ஒரு தேதி எழுதப்படுகிறது: அமலுக்கு வந்த நாள். முக்கியமான கெடுக்கள் பலவும் அதிலிருந்துதான் ஓடத் தொடங்குகின்றன.

முன்பணம் மூன்று நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். மூன்றாம் நாள் ஞாயிறு என்றால் அடுத்த வேலைநாள் வரை அவகாசம் உண்டு. மாநில ரியல் எஸ்டேட் ஆணையத்தின் படிவமே அப்படிச் சொல்கிறது. ஆனால் வாங்குபவர் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளும் 'ஆப்ஷன்' காலத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. ஞாயிறோ பண்டிகையோ, வீடு இருக்கும் ஊர் நேரப்படி மாலை 5 மணியோடு சரி. வங்கிக் கடன் இருந்தால் இன்னொரு கணக்கு: இறுதிச் செலவு விவரம் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு மூன்று வேலைநாள் முன்பே வாங்குபவர் கைக்கு வர வேண்டும். 2015 முதல் நடப்பிலுள்ள அந்த மத்திய விதிக்குச் சனிக்கிழமையும் வேலைநாள்தான்!

பல ஒப்பந்தங்கள் ஒன்றாக ஓடும் அலுவலகத்தில் இதை யார் நினைவில் வைப்பது? டாட்லூப், ஸ்கைஸ்லோப் போன்ற மென்பொருள்களின் அருமை அங்கேதான் தெரியும். மின்கையெழுத்தைத்தான் எல்லோரும் மெச்சுகிறார்கள். உண்மையான அழகு கெடுக்களை வரிசையாகக் காட்டும் அந்தச் சாதுவான வேலைப்பட்டியலில் இருக்கிறது.

முதல் தேதியைத் தப்பாகப் பதிந்தால் மட்டும் அது எல்லாக் கெடுவையும் வெகு துல்லியமாகத் தப்பாகவே காட்டும்.