காணி வாங்கினால் விடுதலையா?

ஜே-ஸீயின் '4:44' (2017) இசைத்தொகுப்பை அதன் நேர்மைக்காகவே நாம் முதலில் வரவேற்க வேண்டும். புரூக்ளினின் மார்சி அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்து, 1996 இல் முதல் தொகுப்பை வெளியிட்ட இந்த ராப் கலைஞர், 47 வயதில் வீரப்பிரதாபங்களைக் களைந்து, மனைவிக்கு இழைத்த துரோகத்தை ஒப்புக்கொள்கிறார். தன்பால் விருப்பத்தை ஒளித்து வாழ்ந்த தாயின் துயரையும் பாடுகிறார், அத்தாயின் குரலும் சேர்ந்தொலிக்க. தற்பெருமையே இலக்கணமாகிவிட்ட துறையில் இது சிறிய காரியமன்று.

ஆனால், செல்வமும் புகழும் பெற்றாலும் கறுப்பு மனிதன் இனவெறியினின்று தப்பான் என்று சுடச்சுடக் கூறும் 'ஓ. ஜே. கதை'யில் அவர் தரும் மருந்து யாது? கட்டிடமும் ஓவியமும் வாங்கி, விலையேறக் காத்திருத்தல்! புரூக்ளினில் கட்டிட விலை ஏறுகையில், வாடகை கட்டமுடியாது வெளியேறுவோர் எவர்? மார்சியின் பழைய அயலவர் எதைக்கொண்டு வாங்குவர்? இவ்வினாக்களை அவர் எழுப்பவேயில்லை.