தொலைநிலைக் கல்வியில் தரவுவழி முன்னெச்சரிக்கை: ஒரு மதிப்பீடு

வகுப்பறையில் பின்தங்கும் மாணவரை ஆசிரியர் முகம் பார்த்தே ஓரளவு அறிந்துகொள்ளலாம். தொலைநிலைக் கல்வியிலோ, ஒப்படைப்பு வராமற்போன பிறகுதான், பல வேளைகளில் மாணவர் படிப்பையே கைவிட்ட பிறகுதான், செய்தி ஆசிரியரை எட்டுகிறது. பாடங்களையும் தேர்வுகளையும் ஓரிடத்தில் நடத்தித்தரும் மூடில், பிளாக்போர்டு போன்ற கற்றல் மேலாண்மை அமைப்புகள் மாணவரின் ஒவ்வொரு வருகையையும் நேரத்தோடு பதிந்துவைப்பதால், அப்பதிவுகளிலிருந்து தளர்ச்சியை முன்கூட்டியே இனங்காண முயலும் கற்றல் பகுப்பாய்வு என்னும் துறை உருவாயிற்று.

பெரும்பாலான இளநிலைப் படிப்புகளுக்கு முன்தகுதி கேட்காத பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதில் முன்னோடிகளுள் ஒன்று. அங்கு உருவான ஓயு அனலைஸ் என்னும் கருவி, மாணவர் அடுத்த ஒப்படைப்பை அளிப்பாரா என்பதை வாரந்தோறும் கணித்து ஆசிரியருக்குத் தெரிவிக்கிறது. கேள்வி சிறியதாக இருப்பதே இதன் சிறப்பு. பட்டம் பெறுவாரா என்ற கணிப்பைச் சரிபார்க்க ஆண்டுகள் பிடிக்கும். அடுத்த ஒப்படைப்பைப் பற்றிய கணிப்போ சில வாரங்களில் மெய்யோ பொய்யோ ஆகிவிடும், இடையில் தலையிடவும் இடம் தரும். 32,593 மாணவர்களின் பதிவுகளை அடையாளம் நீக்கி அப்பல்கலைக்கழகம் பொதுவில் வெளியிட்டதால், பிறரும் இத்தகைய கணிப்புகளைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. தம் கணக்கைப் பிறர் சரிபார்க்க இடந்தர முன்வரும் நிறுவனங்கள் குறைவு.

அத்தகைய சரிபார்ப்பின் தேவையை உணர்த்துவது அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2007 அளவில் தொடங்கிய கோர்ஸ் சிக்னல்ஸ் திட்டம். மதிப்பெண், பிளாக்போர்டில் காட்டிய ஈடுபாடு, முந்தைய கல்வி வரலாறு முதலியவற்றைக் கலந்து ஒவ்வொரு மாணவருக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளில் ஒன்றைக் காட்டிய அத்திட்டம், இவ்விளக்குகள் பயன்பட்ட பாடங்களில் இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் படிப்பில் தொடரும் விகிதம் கணிசமாகக் கூடியது என்று அறிவித்துப் புகழ்பெற்றது. 2013-இல் கல்வித் தொழில்நுட்ப வலைப்பதிவர் மைக்கேல் கால்ஃபீல்டு இதில் ஓர் ஐயத்தை எழுப்பினார்: முதலாண்டிலேயே விலகியவருக்கு இரண்டாவது பாடத்தை எடுக்கும் வாய்ப்பே குறைவு, ஆகவே விளக்குகளால் மாணவர் தொடர்ந்தாரா, தொடர்ந்ததால் அவர் கணக்கில் விளக்குகள் சேர்ந்தனவா? சிக்னல்ஸுக்குப் பதிலாக மாணவருக்குக் குலுக்கல் முறையில் சாக்லேட் வழங்கியதாகக் கற்றல் பகுப்பாய்வு வல்லுநர் ஆல்ஃப்ரெட் எஸ்ஸா கணினியில் பாவனை செய்து பார்த்தபோது, சாக்லேட்டும் மாணவரைத் தக்கவைப்பதுபோலவே தோன்றியது. திட்டம் பயனற்றது என்று இதனால் நிறுவப்படவில்லை. பயனுள்ளது என்பதற்குக் காட்டப்பட்ட சான்று சான்றாகவில்லை.

கணிப்பு சரியாக இருக்கும்போதும் குறைகள் உண்டு. பாடத்தைத் தரவிறக்கி இணையமின்றிப் படிப்பவர் அமைப்பின் கண்ணில் சோம்பேறி. பக்கங்களைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பவர் உழைப்பாளி. வேலையிழப்பு, நோயாளியைப் பேணுதல், பாடம் விளங்காமை ஆகிய மூன்றும் ஒரே மௌனமாகப் பதிவாகின்றன. இவற்றினும் கவலைக்குரியது, திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தரவுத்தொகுப்பிலேயே வசிப்பிடத்தின் ஏழ்மை நிலையும் முந்தைய கல்வித் தகுதியும் இடம்பெற்றிருப்பது. இவை கணிப்பின் துல்லியத்தைக் கூட்டலாம். ஆனால் வசிப்பிடத்தை ஆசிரியரால் மாற்ற இயலாது, அதை வைத்து மாணவரைக் குறைவாக எண்ணத்தான் இயலும். நடத்தை சார்ந்த பதிவுகளைக் கொண்டு எச்சரிப்பது நியாயம். பிறப்பும் பின்புலமும் சார்ந்தவற்றை ஆசிரியரின் திரைக்குக் கொண்டுவருவது நியாயமன்று. மாணவரை அவரது தரவைக் கொண்டே முழுமையாக வரையறுத்துவிடக் கூடாது என்று அதே பல்கலைக்கழகம் 2014-இல் வகுத்த நெறிமுறை கூறுவது இவ்விடத்தில் கருதத்தக்கது.

எச்சரிக்கைக்குப் பின் நடப்பதே எஞ்சும் கேள்வி. ஓயு அனலைஸ் கருவியை அடிக்கடி பயன்படுத்திய ஆசிரியர்களின் மாணவர்கள் மேலான தேர்ச்சி பெற்றதாக அப்பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் திரையைத் தவறாமல் பார்க்கும் ஆசிரியர், அது இல்லாவிடினும் மாணவரைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கும் இயல்பினராக இருக்கலாம். சாக்லேட் ஐயம் இங்கும் அப்படியே எழுகிறது. ஓர் ஆசிரியரின் பொறுப்பிலுள்ள, ஒரே அளவு ஆபத்திலிருப்பதாகக் கணிக்கப்பட்ட மாணவர்களுள் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து முதலில் அழைத்துப் பேசி, மற்றவர்களோடு ஒப்பிட்டாலன்றி, பயன் கருவியினுடையதா ஆசிரியருடையதா என்பது விளங்காது. அவ்வாறு பேசுவதற்குப் பகுதிநேர ஆசிரியருக்கு ஊதியத்தோடு கூடிய நேரமும் வேண்டும். கருவியின் செலவைக் கணக்கிடும்போது பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தத் தொகைதான்.