பாயிரமாகும் பதவியேற்புப் பேருரை: மாக்சுவெல், காமர்லிங் ஓன்னசு உரைகள் – ஒரு மதிப்பீடு

திறவுச்சொற்கள்: பதவியேற்புப் பேருரை, பாயிரம், அளவீடு, மாக்சுவெல், காமர்லிங் ஓன்னசு

முன்னுரை

பேராசிரியராகப் பொறுப்பேற்கும் அறிஞர், தம் துறையின் நிலையையும் தாம் மேற்கொள்ளவிருக்கும் ஆய்வின் போக்கையும் பல்துறையினர் கூடிய அவையில் எடுத்துரைப்பது ஐரோப்பியப் பல்கலைக்கழக மரபு. இவ்வுரைக்குத் தமிழ் மரபில் நெருங்கியது பாயிரம் எனலாம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆசிரியரின் ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரே சிறப்புப் பாயிரம் செய்தற்குரியர் என்பது நன்னூல் கொள்கை. பேருரையிலோ, நூல் தோன்றுமுன்பே அதன் ஆசிரியரே பாயிரம் கூறுகிறார். ஆகவே அதன் தகுதியைப் பின்வந்த பணியோடு ஒப்பிட்டே துணிதல் வேண்டும்.

மாக்சுவெல் (1871)

கேம்பிரிட்சில் செயல்முறை இயற்பியலின் முதற் பேராசிரியராக மாக்சுவெல் 1871 அக்டோபரில் உரையாற்றியபோது கேவண்டிசு ஆய்வகக் கட்டடம் எழும்பியிருக்கவில்லை. அது 1874இல்தான் நிறைவுற்றது. கணிதத் தேர்வில் மூழ்கிய மாணவர்க்குச் செய்முறைப் பயிற்சி இடையூறாகுமோ என்னும் ஐயம் நிலவிய அவை அது. விளக்கக் காட்டும் சோதனை வேறு, ஆராயச் செய்யும் சோதனை வேறு எனப் பகுத்து, பின்னதன் உயிர்நாடி அளவீடே என அவர் நிறுவுகிறார்.

இயற்பியலில் இனி எஞ்சியிருப்பது மாறிலிகளை அடுத்த தசம இடம்வரை நுணுக்குவதே என்னும் கருத்து இவ்வுரையில் இடம்பெறுகிறது. மாக்சுவெல் அதனை எடுத்துக் கூறியது மறுப்பதற்காகவே. நுண்ணிய அளவீட்டின் பயன் புதிய ஆய்வுப் புலங்கள் திறப்பதே என்பது அவர் முடிபு. பிறர்கோள் கூறி மறுக்கும் பகுதியைத் தனியே பிரித்து, அதையே அவர் கோளாகக் காட்டும் வழக்கம் மேற்கோள் முறையின் பெரும்பிழை.

காமர்லிங் ஓன்னசு (1882)

லைடனில் 1882 நவம்பர் 11 அன்று, 29 வயதில், ஓன்னசு ஆற்றிய உரை இயற்பியலில் அளவுசார் ஆய்வின் இன்றியமையாமையைப் பேசியது. அளத்தலின் வழியே அறிதல் என்பது அவர் ஆய்வகங்களுக்கு வகுத்த குறிக்கோள். 1908இல் ஈலியத்தை நீர்மமாக்கியமை அக்குறிக்கோளின் நேர்விளைவு.

ஆயின் 1911இன் கண்டுபிடிப்பு அக்குறிக்கோளின் எல்லையையும் காட்டுகிறது. ஏறத்தாழ 4.2 கெல்வினில் பாதரசத்தின் மின்தடை திடீரென மறைந்தது. தடை படிப்படியாகக் குறையும் என அவர் எதிர்பார்த்திருந்தாரேயன்றி இத்திடீர் மறைவை எதிர்பார்க்கவில்லை. இம்மீக்கடத்துமைக்கு நிறைவான நுண்ணிலைக் கோட்பாடு பார்தீன், கூப்பர், சிரீஃபர் மூவரால் 1957இல்தான் கிட்டியது. அளத்தலுக்கும் அறிதலுக்கும் இடையே 46 ஆண்டுகள் கடந்தன. அளவீடு உண்மையைத் தந்தது, விளக்கத்தைத் தரவில்லை.

முடிவுரை

இவ்வகையில், அளவீடு புதிய புலங்களைத் திறக்கும் என்ற மாக்சுவெல்லின் அடக்கமான கூற்று, ஓன்னசின் முழக்கத்தினும் ஓன்னசின் பணிக்கே மிகப் பொருந்துகிறது. முழக்கம் நினைவில் நிற்கிறது. வாதமோ முழுமையாகப் படிப்போர்க்கே புலப்படுகிறது. தமிழில் அறிவியல் வரலாறு எழுதுவோர் இப்பேருரைகளை ஒற்றை வரிகளாக எடுத்தாளாது, முழுமையாக மொழிபெயர்த்து, பின்வந்த பணியோடு பொருத்திக் காட்டுதல் வேண்டும். பாயிரத்தை மட்டும் கற்று நூலை மதிப்பிடுதல் எங்ஙனம் தகாதோ, அங்ஙனமே நூலை மறந்து பாயிரத்தைப் போற்றுதலும் தகாது.