கூட்டல் சரி, தீர்ப்பு?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பாடசாலை விவாதப் போட்டியொன்றின் முடிவு சர்ச்சையானால் ஏற்பாட்டாளர்கள் புள்ளித்தாள்களை நீட்டுவார்கள்: மூன்று நடுவர்கள், வேண்டுமானால் நீங்களே கூட்டிப் பாருங்கள். முகம் பார்த்து வெற்றி கொடுப்பதைவிட இது மேல்தான். கூச்சமுள்ள பிள்ளைக்கும் தன் பங்குப் புள்ளி கிடைக்கிறது. கூட்டலில் பிழையும் இருக்காது.

தாள் நிரம்பும் விதம்தான் பிழை. பாடசாலைக்குள் கைப்பேசியை அனுமதிக்கலாம் என்று ஒட்டிப் பேசும் அணியின் முதற்பேச்சாளர் மூன்று காரணங்களை அடுக்குகிறார். உச்சரிப்பு சுத்தம், நடுவில் ஒரு குறள். மணி அடித்து அவர் இருக்கையில் அமருமுன் கருத்து, மொழிநடை எல்லாவற்றுக்கும் புள்ளி விழுந்துவிடுகிறது. அடுத்து வெட்டிப் பேச எழும் மாணவி அந்த மூன்றில் இரண்டை நொறுக்குகிறாள். மறுப்புரைக் கட்டத்தில் அவளுக்கு நாலைந்து புள்ளி கூடலாம். நொறுங்கிய கருத்துக்கு முன்னர் போட்ட புள்ளி மட்டும் அசையாது. ஆசிரியர் எழுதிக் கொடுத்து மனனம் செய்த உரைக்கு இதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும்? நடுவர் அங்கே கேட்பது விவாதமல்ல, வரிசையாகச் சில பேச்சுப்போட்டிகள்.

இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்துக் கம்பன் விழாப் பட்டிமண்டபங்களில் ஊறிய காது என்று சிலர் பழியை அங்கே போடுவார்கள். அது அநியாயம். பட்டிமண்டப நடுவர் புள்ளி போடுவதில்லை. எந்த வாதம் நின்றது, எது விழுந்தது என்று சபையறியச் சொல்லித்தான் தீர்ப்புக்கு வருகிறார். நம் போட்டி நடுவருக்கோ வாயே திறக்க வேண்டியதில்லை.

1981இல் கிளாஸ்கோவில் தொடங்கிய உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியில் வரிசை தலைகீழ். நடுவர்கள் கலந்து பேசி, ஒரே விவாதத்தில் மோதும் நான்கு அணிகளையும் முதலில் தரப்படுத்துவார்கள். 3, 2, 1, 0 என்று அணிப்புள்ளி. பேச்சாளர் புள்ளி அதற்குப் பிறகுதான், அதுவும் அந்தத் தரவரிசைக்கு முரண்படக் கூடாது. பெரும்பாலான சுற்றுகளில் அணிகளை இருத்திக் காரணமும் சொல்ல வேண்டும்.

இங்கே கேட்டால் நேரமில்லை என்பார்கள். பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி, அவர் அரைமணி நேரம் பேசி முடிக்கும்வரை மண்டபம் காத்திருக்கிறது. தோற்ற அணிக்குக் காரணம் சொல்லப் பத்து நிமிடம் போதும்.